ரேகை பதியாவிட்டால் யாரைக் கேட்பது?

இடுக்கி மாவட்டம் ஏலப்பாறையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் வருடக்கணக்காகக் கொழுந்து கிள்ளிய கைகளில் கறை ஏறியிருக்கும்; விரல்நுனி தேய்ந்திருக்கும். ரேஷன் கடை இயந்திரம் ரேகையை ஏற்க மறுக்க இது போதும். கையைத் துடைத்து வேறு விரலை வைத்துப் பார்ப்பார்கள். அதுவும் பதியாவிட்டால் ஓடிபி வர வேண்டும். அதற்கு மலைச்சரிவில் சிக்னல் கிடைக்க வேண்டும். டிஜிட்டல் அடையாளத்தை அரசு நடத்துவதா, தனியார் நடத்துவதா என்ற விவாதத்தை இந்த வரிசையில் நின்று பார்ப்பதே நல்லது.

அரசின் பெரிய பலம், யாரையும் ஒதுக்க அதற்கு உரிமையில்லை என்பது. சுவீடனில் வங்கிகள் நடத்தும் பேங்க்ஐடி வசதியானதுதான். ஆனால் அதைப் பெற வங்கி வாடிக்கையாளராக இருக்க வேண்டும். 2010-இல் வழங்கத் தொடங்கிய ஆதாருக்கு அப்படி நிபந்தனை இல்லை. அதன் பலவீனம் வேறு: ரேஷனுக்கும் கூலிக்கும் அதுவே வாசல் ஆனபின், அது திறக்காவிட்டால் மாற்றுவழி குறைவு.

தனியார் வேகமாக வேலை முடிப்பார்கள். ஆனால் லாபம் குறுக்கே வரும். சிம் கார்டுக்காக ஆதாரைச் சரிபார்த்தபோது, தெளிவான சம்மதமின்றிப் பணப்பட்டுவாடா வங்கிக் கணக்குகள் திறக்கப்பட்டன, எரிவாயு மானியம் அவற்றுக்குப் போனது என்ற புகாரில், ஏர்டெல்லின் ஆதார் சரிபார்ப்பு உரிமத்தை ஆதார் ஆணையம் 2017 டிசம்பரில் நிறுத்திவைத்தது. தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்த வழிவிட்ட, ஆதார் சட்டத்தின் 57-ஆம் பிரிவின் பகுதியை 2018-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 சட்டத் திருத்தம், விருப்பத்தின் பேரில் என்ற பெயரில், வங்கிகளுக்கும் தொலைபேசி நிறுவனங்களுக்கும் மீண்டும் வழி திறந்தது.

கம்பெனி கைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பது இந்த மலைக்குத் தெரியும். 2000-இல் பீர்மேடு டீ கம்பெனியின் தோட்டங்கள் மூடப்பட்டன. தொழிலாளர்கள் நிலுவைத் தொகைக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். அடையாளப் பதிவேட்டுக்கும் அந்தக் கதி வரக்கூடாது.

இடைப்பட்ட வழியும் கேரளத்திலேயே இருக்கிறது. 2002-இல் மலப்புறத்தில் தொடங்கிய அக்‌ஷயா மின்சேவை மையங்களை நடத்துவோர் தனியார். மேற்பார்வை மாநில ஐடி மிஷனுடையது. கவுண்டர் தனியாரிடம் இருக்கலாம். பதிவேடும் பொறுப்பும் அரசிடமே இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு வெறும் பெயரளவில் நிற்காதிருக்க, ரேகை பதியாதவருக்கு அன்றே அரிசி தரும் அதிகாரம் ரேஷன் கடையிலும், புகாரைத் தீர்க்கும் அதிகாரி பஞ்சாயத்திலும் இருக்க வேண்டும்.