நட்சத்திரங்களின் தொடக்கக் காலச் சிறு வேடங்கள்

பின்னாளில் புகழ்பெற்ற தமிழ்த் திரை நடிகர்கள் பலர், தொடக்கத்தில் சில காட்சிகளில் மட்டும் வந்துபோகும் சிறு வேடங்களில் நடித்தவர்கள். பழைய படங்களில் அவர்களின் முகத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதில் ரசிகர்களுக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. 'இவர் பெரிய ஆளாக வருவார் என்று அன்றே தெரிந்தது' என்ற பேச்சும் கூடவே வரும். படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தப் பேச்சு பெரும்பாலும் நிற்பதில்லை.

சதி லீலாவதி

எம்.ஜி.ஆரின் முதல் படம் 1936-இல் வந்த சதி லீலாவதி. எஸ்.எஸ். வாசனின் கதையை எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கினார். எம்.கே. ராதா நாயகன். எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது காவல்துறை ஆய்வாளர் வேடம். அப்போது அவருக்கு வயது 19. டி.எஸ். பாலையாவுக்கும் அதுவே முதல் படம். ஆனால் அவருக்கு வில்லன் வேடம் கிடைத்தது. அன்று படம் பார்த்தவர்களிடம் யார் முன்னுக்கு வருவார் என்று கேட்டிருந்தால், பாலையாவின் பெயரைச் சொல்லவே வாய்ப்பு அதிகம். எம்.ஜி.ஆர். நாயகனாக நடித்த ராஜகுமாரி வெளிவந்தது 1947-இல். இடைப்பட்ட 11 ஆண்டுகளும் அவர் பெரும்பாலும் சிறிய, துணை வேடங்களிலேயே நடித்தார். அந்த ஆய்வாளர் வேடத்தில் பின்னாளைய தலைவரைக் காண்பது நம் கண்ணே தவிர, அந்தக் காட்சி அல்ல.

அபூர்வ ராகங்கள்

கே. பாலசந்தரின் அபூர்வ ராகங்கள் 1975 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்தது. கமல்ஹாசனும் ஸ்ரீவித்யாவும் முதன்மை வேடங்களில் நடித்தனர். ரஜினிகாந்த் பிற்பகுதியில்தான் வருகிறார். வரும் நேரமும் குறைவு. இருந்தாலும் இதை எம்.ஜி.ஆரின் ஆய்வாளர் வேடத்தோடு சேர்த்து எண்ணக் கூடாது. விட்டுப்போன கணவன் நோயாளியாகத் திரும்பி வருவதில்தான் கதையின் முடிச்சு அவிழ்கிறது. நேரத்தால் சிறியது, கதையில் பெரியது. அவர் கேட்டைத் திறந்து உள்ளே வரும் காட்சி இன்றும் பேசப்படுகிறது. அதை வருங்கால நட்சத்திரத்தின் அறிமுகம் என்று மட்டும் பார்ப்பவர்கள், அந்தக் கேட்டுக்குப் பின்னால் இருக்கும் வீட்டையும், அங்கே அமைதி இழக்கப்போகும் பெண்ணையும் மறந்துவிடுகிறார்கள். பாலசந்தர் அந்தக் காட்சியை எடுத்தது கதைக்காக.

வெண்ணிலா கபடிகுழு

விஜய் சேதுபதி புதுப்பேட்டை (2006) படத்தில் அடியாட்களில் ஒருவராக வந்தார். சுசீந்திரனின் வெண்ணிலா கபடிகுழு (2009) படத்தில் கபடி வீரராக வந்தார். அதே படத்தில்தான் பரோட்டா சாப்பிடும் பந்தயக் காட்சியால் சூரி ஒரே நாளில் ஊரறிந்தவரானார். விஜய் சேதுபதியை அன்று கவனித்தவர்கள் குறைவு. சீனு ராமசாமியின் தென்மேற்கு பருவக்காற்று (2010) அவரை நாயகன் ஆக்கியது. அதன்பின் அவர் வேகமாக முன்னேறினார். சூரியோ நீண்ட காலம் நகைச்சுவை நடிகராகவே இருந்து, வெற்றிமாறனின் விடுதலை (2023) படத்தில்தான் நாயகன் ஆனார். அந்தப் படத்தில் விஜய் சேதுபதியும் முக்கிய வேடத்தில் நடித்தார். ஒரே கபடிப் படத்திலிருந்து வந்த இருவர் வெவ்வேறு வேகத்தில் நடந்தனர். யார் முந்துவார் என்று 2009-இல் சொல்லக்கூடிய அடையாளம் எதுவும் திரையில் இல்லை.

நடிகைகளிலும் உதாரணம் உண்டு. ஜோடி (1999) படத்தில் சிம்ரனின் தோழியாக வந்துபோன த்ரிஷா, மௌனம் பேசியதே (2002) படத்தில் நாயகியானார்.

மதிப்பீடு

சிறு வேடம் வருங்காலத்தைக் காட்டும் ஜாதகம் அல்ல. அது ஒரு நாள் வேலை. வசனம் இருந்தால் பேச வேண்டும். இல்லாவிட்டால் நாயகன் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். கேட்டுக்கொண்டு நிற்பதும் நடிப்புதான். கூட்டத்தில் ஒருவர் கவனம் சிதறினால் காட்சி கெட்டுப்போகும். ஆகவே அந்த வேடத்தை மதிப்பிட ஒரே கேள்வி போதும்: அந்தக் காட்சிக்கு வேண்டியதை அவர் செய்தாரா?

இந்தக் கேள்வி புகழ்பெற்றவருக்கும் பெறாதவருக்கும் பொது. பழைய படத்தை நிறுத்தி ஒரு முகத்தை மட்டும் வட்டமிட்டுக் காட்டும்போது, பக்கத்தில் நிற்கும் மற்றவர்கள் வெறும் பின்னணி ஆகிவிடுகிறார்கள். அவர்களும் அதே வெயிலில் நின்றவர்கள், அதே கவனத்தோடு நடித்தவர்கள். பலர் கடைசிவரை துணை நடிகர்களாகவே இருந்து ஓய்வு பெற்றார்கள். நட்சத்திரத்தின் முதல் காட்சியைத் தேடுவதில் தவறில்லை. தேடிக் கண்டபின் அதே காட்சியை இன்னொரு முறை ஓடவிட்டு மற்றவர்களையும் பார்த்தால், அந்தப் படத்தை முழுமையாகப் பார்த்ததாக ஆகும்.