சப்வூஃபரும் பக்கத்து வீட்டுக் கட்டிலும்

சப்வூஃபருக்கு அடியில் வைப்பதற்கென்றே ரப்பர் கால்கள் விற்கிறார்கள். எஸ்.வி.எஸ். நிறுவனத்தின் சவுண்ட்பாத் கால்களும் ஆராலெக்ஸின் சப்டூட் பஞ்சுப் பலகையும் இந்த வகையில் பெயர் பெற்றவை. அவற்றைப் பார்த்துச் செய்த மலிவான பட்டைகளும் இணையக் கடைகளில் ஏராளம். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிய மறுநாள் பலர் முதலில் வாங்குவது இதைத்தான். பொருளில் குறையில்லை, தனக்குரிய வேலையை ஒழுங்காகவே செய்கிறது. ஆனால் நம் ஊர் வீடுகளில் அடுத்தவர் தூக்கத்தைக் கெடுக்கும் பாஸ் பெரும்பாலும் அந்த வழியாகப் போவதில்லை. பாஸைப் பெட்டிக்குள்ளோ அறைக்குள்ளோ அடைத்துவைக்க முயலும் சாமான்களைவிட, சுவரைத் தாண்டக்கூடிய பாஸைப் பிறக்கவே விடாத ஒரு செட்டிங் அதிகப் பயன் தரும். அந்தச் செட்டிங் உள்ள கருவி எது, இல்லாதது எது என்பதைப் பார்த்துத்தான் சப்வூஃபர் வாங்க வேண்டும்.

ரப்பர் கால்களுக்கு உரிய மதிப்பை முதலில் கொடுத்துவிடலாம். ரப்பரோ பஞ்சோ, எடையைத் தாங்கும் ஸ்பிரிங்காகத்தான் வேலை செய்கிறது. ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் அதன்மேல் உள்ள எடைக்கும் சேர்த்து ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. அதைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளை மட்டுமே அது தடுக்கத் தொடங்கும். 30 ஹெர்ட்ஸ் அதிர்வை உருப்படியாகத் தடுக்க இயல்பதிர்வெண் 10 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்க வேண்டும். அதற்குப் பெட்டியை ஏற்றியதும் ரப்பர் இரண்டரை மில்லிமீட்டராவது அமுங்க வேண்டும். இருபது கிலோ பெட்டிக்காகச் செய்த கால்களை ஐந்தாறு கிலோ ஹோம் தியேட்டர் வூஃபருக்குப் போட்டால் ரப்பர் அசைந்துகொடுக்காது. இயல்பதிர்வெண் பாஸ் எல்லைக்குள்ளேயே ஏறிவிட்டால் அதிர்வு கூடவும் செய்யலாம். பெட்டி வைப்பதற்கு முன்னும் பின்னும் கால்களின் உயரத்தை ஒரு ஸ்கேலால் அளந்தால் உண்மை தெரிந்துவிடும். இந்தக் கால்களைப் புகழும் விமர்சனங்களில் பல அமெரிக்க வீடுகளிலிருந்து வருகின்றன என்பதையும் மறக்கக் கூடாது. அங்கே மரச்சட்டங்கள்மேல் பலகை பாவிய தரை எளிதில் குலுங்கும். நம்முடைய ஆர்.சி.சி. தளம் 15 சென்டிமீட்டர் தடிமனில் சதுர மீட்டருக்கு 375 கிலோ எடையுள்ளது. வூஃபர் கூம்பின் உதைப்பு அதை நேரடியாக அசைப்பது சொற்பம். இங்கே கால்களால் கிடைப்பது ஷோகேஸ் கண்ணாடியும் அலமாரிக் கதவும் கிடுகிடுக்காமல் இருப்பதுதான். அது நல்ல பலன், ஆனால் வாங்கியவருக்கு மட்டுமே ஆன பலன். சோனோஸ் சப் போல இரண்டு கூம்புகளை எதிரெதிரே வைத்து உதைப்பை ஒன்றுக்கொன்று கழித்துவிடும் பெட்டிகளுக்கு இவை தேவையே இல்லை.

பாஸ் போவது காற்று வழியாகத்தான். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டருக்கு மேல், நம் படுக்கையறைகளைவிட நீளம். சுவரில் ஒட்டும் இரண்டு அங்குல ஃபோம் ஓடுகள் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், இந்த அலைக்கு அவை இருப்பதும் இல்லாததும் ஒன்றே. சுவரின் தடுப்பாற்றலுக்கு ஒரு பொது விதி உண்டு. அதிர்வெண் பாதியானால் தடுப்பு 6 டெசிபல் குறையும், சுவரின் எடை இரட்டித்தால் 6 டெசிபல் கூடும். 1000 ஹெர்ட்ஸில் 50 டெசிபல் தடுக்கும் சுவர், அதே கணக்கில் 60 ஹெர்ட்ஸில் அதில் பாதியைத்தான் தடுக்கும். ஒன்பது அங்குலச் சுவரைப் பதினெட்டு அங்குலமாக்கினாலும் கூடுதல் லாபம் அந்த 6 டெசிபல்தான். வசனமும் பாட்டின் வரியும் நின்றுவிட, ‘டொம் டொம்’ மட்டும் அடுத்த வீட்டுக்குப் போவது இதனால்தான். அங்கே போனபிறகு அது அறையின் ஒத்ததிர்வில் மாட்டிக்கொள்கிறது. பன்னிரண்டடி நீள அறை 47 ஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிரும், அப்போது அழுத்தம் உச்சத்தில் இருப்பது சுவரோரத்தில். கட்டிலின் தலைமாடு இருப்பதும் சுவரோரத்தில்தான். அடுத்த வீட்டில் நடு அறையில் நின்று கேட்டுவிட்டு “ஒன்றும் கேட்கவில்லையே” என்று சொல்பவர், படுத்திருப்பவர் கேட்பதைக் கேட்கவில்லை.

இது சென்னை, திருச்சி அடுக்ககங்களின் தொல்லை மட்டும் அல்ல. புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலை போன்ற ஊரிலும், வீடுகள் ஒரே பொதுச்சுவரைப் பகிரும் தெருவில் ஒரு ஹோம் தியேட்டர் வந்தால் கதை இதேதான். அங்கே இன்னொரு சிக்கல் வெயில். சன்னலை அடைத்துக்கொண்டு படம் பார்க்க முடியாது, திறந்த சன்னல் முன் எந்தச் சுவரின் கணக்கும் செல்லாது. அந்த ஊரின் மேலக்கோயில் பாறையைக் குடைந்து எடுத்தது. தமிழ்நாட்டின் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு அதன் அருகே பாறையில்தான் வெட்டப்பட்டிருக்கிறது. பாஸைத் தடுக்க எடை வேண்டும் என்றால் அந்தப் பாறைக்கு மேல் எடை கேட்க முடியாது. ஆனால் குடைவரையின் முகப்பு திறந்திருப்பதால் உள்ளே எழும் எந்த ஒலியும் அந்த வழியே வெளியேறும். வீட்டை ஒலிபுகாமல் செய்வதென்றால் அறைக்குள் தொடாமல் நிற்கும் இன்னொரு அறை, இறுக்கமான கதவு, மூடிய சன்னல், ஏ.சி. என்று போகும். வாடகை வீட்டில் இருப்பவருக்கு அது யோசனையாகக்கூடச் சொல்லத் தக்கதல்ல.

“அளந்து பார்த்தேன், சட்டத்துக்குள்தான் இருக்கிறது” என்பது அடுத்த வாதம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. தனியார் இடத்திலிருந்து வரும் ஒலி அதன் எல்லையில் இந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் மீறக் கூடாது. ஆனால் இந்த டெசிபல் ‘ஏ’ எடையிட்டது. மனிதக் காது கீழ் அதிர்வெண்களை மந்தமாகக் கேட்கிறது என்பதற்காக, 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபலையும் 31.5 ஹெர்ட்ஸில் 39 டெசிபலையும் அந்த அளவு கழித்துவிடுகிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலி ஒருவர் படுக்கையறையில் 75 டெசிபல் இருந்தால் மீட்டர் 45 என்று காட்டும், இரவு வரம்புக்குச் சரியாக இருக்கும். அமைதியில் 50 ஹெர்ட்ஸ் காதுக்கு எட்டத் தொடங்குவது ஏறக்குறைய 44 டெசிபலில். அதைவிட 30 டெசிபல் மேலே அடித்துக்கொண்டிருக்கும் பாஸை மீட்டர் நல்லபிள்ளையாகக் காட்டுகிறது. ஆகவே ஆப் வைத்து அளப்பவர் ‘சி’ எடைக்கு மாற்றி அளக்க வேண்டும். ஐபோனில் இலவசமாகக் கிடைக்கும் நியாஷ் ஒலியளவு ஆப்பில் ஏ, சி, இசட் மூன்றும் உண்டு. சி அளவு ஏ அளவைவிட இருபது டெசிபல் போல் கூடியிருந்தால் தொல்லை பாஸில்தான். போன் மைக் மிகக் கீழான ஒலியைக் குறைத்தே காட்டக்கூடும் என்பதால், உண்மை அதற்கு மேலேயும் இருக்கலாம்.

இனி, கருவியின் பின்புறக் குமிழ்கள். சாதாரண சப்வூஃபரில் வால்யூம், கிராஸ்ஓவர், ஃபேஸ் மூன்றும் இருக்கும். தொல்லையைக் குறைக்க நினைப்பவர்கள் கிராஸ்ஓவரை 120-லிருந்து 60-க்கு இறக்குகிறார்கள். அது நேர் எதிரான வைத்தியம். கிராஸ்ஓவர் மேலே இருப்பதைத்தான் வெட்டும், மிஞ்சுவது சுவர் தாண்டும் கீழ்ப்பகுதி. தேவைப்படுவது கீழே வெட்டும் வடிகட்டி, மலிவான பெட்டிகளில் அந்தக் குமிழ் இருப்பதில்லை. எஸ்.வி.எஸ். ஆப்பில் சமப்படுத்தியோடு ‘ரூம் கெயின் காம்பன்சேஷன்’ என்றொரு வசதி உண்டு. 25, 31 அல்லது 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலியைச் சரிவாக இறக்குவது அது. அதை இரவுக்கான பிரீசெட்டாகச் சேமித்துவிட்டால் பெட்டியைக் குனிந்து தொட வேண்டியதில்லை. இதையே நோக்கமாகக் கொண்டு செய்தது, டெனான், மரான்ட்ஸ் ரிசீவர்களின் மேல்வரிசை மாடல்கள் சிலவற்றில் உள்ள ஆடிஸி எல்.எஃப்.சி. சுவர் தாண்டும் கீழ்ப்பகுதியை அது நீக்குகிறது, கேட்பவருக்கு அந்தப் பாஸ் இருப்பதாகத் தோன்றும்படி மீதியைத் திருத்துகிறது. அளவை 1 முதல் 7 வரை வைக்கலாம். இந்தப் பிரச்சினைக்கு இன்று கிடைப்பவற்றில் சரியான இடத்தில் கைவைத்தது இதுதான் என்பது என் முடிவு. சவுண்ட்பார்களின் ‘நைட் மோட்’ இதன் எளிய உறவு. வெடிச்சத்தத்தை அமுக்கி மெல்லிய பேச்சை ஏற்றும், ஒன்றும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

பாஸையே வெட்டிவிட்டால் பிறகு சப்வூஃபர் எதற்கு என்பது நியாயமான கேள்வி. பதில் காதில் இருக்கிறது. 80, 120, 160 ஹெர்ட்ஸ் ஒலிகள் சேர்ந்து வந்தால், அடியில் 40 இல்லாவிட்டாலும் காது 40-இன் சுருதியைத் தானே கட்டிக்கொள்ளும். மிருதங்கத்தின் கரும்பூச்சான கரணை, தோலின் அதிர்வுகளை இப்படி ஒழுங்கான மடங்குகளாக ஆக்குவதைச் சி.வி. ராமன் 1920-இலேயே ஆராய்ந்து எழுதினார். புதுக்கோட்டைக்காரருக்கு இதைவிடப் பக்கத்தில் ஓர் இசைக்கருவி உண்டு. மான்பூண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த கஞ்சிரா ஒற்றைக் கையில் அடங்கும். தோலை நனைத்துச் சுருதியை இறக்கினால், அந்தச் சின்ன வளையத்திலிருந்து வரும் கும்காரம் கேட்பவர் வயிற்றில் இறங்குகிறது. கனத்த பாஸ் கேட்கப் பெரிய பெட்டியும் 25 ஹெர்ட்ஸும் கட்டாயம் வேண்டும் என்பது விற்பவர்கள் வளர்த்த நம்பிக்கை. இழப்பு இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். விண்கலம் கிளம்பும் காட்சியில் உடல் உணரும் அந்த அதிர்வு போய்விடும். தமிழ்ப் பாட்டின் தவிலும் பறையும் டிரம் உதையும் பெரிதும் 60 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதால் அவை தப்பிக்கும். அவை தப்புவதாலேயே வெட்டு மட்டும் போதாது, குத்துப்பாட்டுக்கு வால்யூமையும் இறக்கியாக வேண்டும். காதுக்கு எட்டும் எல்லைக்கு அருகே பாஸில் சில டெசிபல் குறைந்தாலே அடுத்த வீட்டில் பெரிய வித்தியாசம் தெரியும். பெட்டியை மூலையிலிருந்து எடுத்துச் சோபாவை ஒட்டி வைத்தால், அந்தச் சில டெசிபல் நம் காதுக்கு நஷ்டமாகாது.

பத்து மணிக்கு முன் என் வீட்டில் என் விருப்பம் என்பவருக்குப் பகல் வரம்பும் ஒரு வரம்புதான் என்று சொல்ல வேண்டும். இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குபவரும் கைக்குழந்தையும் நோயாளியும் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். ஆகவே புதிதாக வாங்குபவர் வாட்ஸ் எண்ணைப் பார்க்காமல், கீழ்வெட்டும் பிரீசெட்டும் ஆப்பில் இருக்கின்றனவா என்று கடையிலேயே கேட்கட்டும். பழைய பெட்டி வைத்திருப்பவர் இடத்தை மாற்றி, வால்யூமைக் குறைத்து, டி.வி.யின் நைட் மோடைப் போடட்டும், செலவில்லை. நள்ளிரவிலும் அதிர்வு வேண்டும் என்பவர் ஹெட்போனோடு, சோபாவின் சட்டத்தில் முடுக்கும் பட்கிக்கர் போன்ற அதிர்வியை வாங்கலாம். சோபாவின் கால்களுக்கு அடியில் அப்போது ரப்பர் கால்களைப் போட வேண்டும். அதிர்வு நேராகத் தரைக்குப் போகும் அந்த இடத்தில் அவற்றுக்குக் கொடுத்த காசு வீண்போகாது.