மாற்றத்திற்கு எதிர் எது? ரோஜேயின் இணைநிரல் முறை: ஒரு மதிப்பீடு

ஒரு சொல்லின் பொருளை அதற்கு எதிரான சொல்லை அருகில் நிறுத்தி விளக்குவது மொழி கற்பித்தலிலும் அகராதிக் கலையிலும் நெடுங்காலமாக நிலவும் வழக்கம். ஆங்கிலத்தில் இவ்வழக்கத்தை ஒரு முழு நூலின் அமைப்புக் கொள்கையாக உயர்த்தியவர் பீட்டர் மார்க் ரோஜே (1779–1869). 1852-இல் லண்டனில் வெளிவந்த அவருடைய ‘தெசாரஸ்’, அதாவது சொற்களை அகர வரிசையில் அடுக்காமல் கருத்து வரிசையில் தொகுக்கும் களஞ்சியம், எதிரெதிர்க் கருத்துகளை ஒரே பக்கத்தில் இரண்டு நிரல்களாக அச்சிட்டது. இணைநிரல் முறை என்று இங்கே குறிக்கப்படும் இவ்வமைப்பு, ஈரம்–உலர்வு, கனம்–இலேசு போன்ற நிலைகளைச் சுட்டும் சொற்களில் பெரிய இடர்ப்பாடின்றிச் செல்கிறது. மாற்றத்தைச் சுட்டும் சொற்களில்தான் அதன் வலிமையும் குறையும் ஒருசேர வெளிப்படுகின்றன. தொடக்க நிலை, முடிவு நிலை, திசை, வேகம், நன்மை தீமை ஆகிய பல கூறுகள் ஒவ்வொரு மாற்றத்திலும் அடங்கியிருப்பதால், அதற்கு எதிர் எது என்னும் வினாவுக்கு ஒரே விடை அமைவதில்லை.

மருத்துவரும் இயற்கை அறிவியலாளருமான ரோஜே, 1827 முதல் 1848 வரை ராயல் சொசைட்டியின் செயலாளராக இருந்தவர். விலங்குகளையும் தாவரங்களையும் குடும்பம் குடும்பமாகப் பகுக்கும் முறை சொற்களுக்கும் பொருந்தும் என்பது அவர் கொள்கை. தம் சொந்தப் பயன்பாட்டுக்கென 1805-இலேயே உருவாக்கி வைத்திருந்த சிறு தொகுப்பை ஓய்வுக்காலத்தில் விரிவாக்கி, 73ஆம் அகவையில் வெளியிட்டார். அருவ உறவுகள், இடம், பருப்பொருள், அறிவு, விருப்பாற்றல், உணர்வு என்னும் ஆறு பெரும்பிரிவுகளின் கீழ் ஆயிரம் தலைப்புகள் அதில் வகுக்கப்பட்டன. கருத்து வரிசைத் தொகுப்புகளில் தமக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பழையதாக அவர் தம் முன்னுரைக் குறிப்பில் சுட்டுவது வடமொழி அமரகோசத்தை. வடமொழி அறிஞர் கோல்புரூக்கின் அமரகோசப் பதிப்பு 1808-இல் செராம்பூரில் அச்சிடப்பட்டிருந்தது. தமிழின் திவாகர நிகண்டும் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் எனப் பொருள்வகையால் சொற்களைத் தொகுப்பதே. ஆயினும் இந்திய மரபின் இத்தொகுப்புகள் ஒத்த பொருளுடைய சொற்களை ஒன்றுசேர்ப்பதையே முதன்மையாகக் கொண்டன. எதிர்ப்பொருளைக் கட்டுமான விதியாக்கியது ரோஜேயின் தனித்தன்மை.

அவருடைய முதற்பெரும்பிரிவின் ஏழாம் பகுதி மாற்றத்திற்கு ஒதுக்கப்பட்டது. 140ஆம் தலைப்பாகிய ‘சேஞ்ச்’ என்னும் மாற்றத்திற்கு எதிரே 141ஆம் தலைப்பாக ‘பெர்மனன்ஸ்’ என்னும் நிலைபேறு நிற்கிறது. நின்றுபோதலுக்கு எதிரே தொடர்தலும், ஒன்று படிப்படியாக வேறொன்றாவதைக் குறிக்கும் ‘கன்வர்ஷன்’ என்பதற்கு எதிரே பழைய நிலைக்குத் திரும்புவதாகிய ‘ரிவர்ஷன்’ என்பதும் வைக்கப்பட்டுள்ளன. திடீரென அல்லது வன்மையாக நேரும் மாற்றமாகிய ‘ரெவல்யூஷன்’, ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கும் ‘சப்ஸ்டிட்யூஷன்’, இரண்டு பொருள்கள் தம்முள் இடம் மாறும் ‘இன்டர்சேஞ்ச்’ ஆகியவை தொடர்ந்து வர, இறுதியில் மாறும் இயல்பும் மாறா இயல்பும் எதிரெதிரே நிற்கின்றன. அளவு கூடுதலும் குறைதலும் இப்பகுதியில் இல்லை. அவை அளவைப் பற்றிய பகுதியில் உள்ளன. சீர்படுதல், சீர்கெடுதல், மீட்டமைத்தல், மீண்டும் நலிவடைதல் ஆகியவையோ 658 முதல் 661 வரையிலான தலைப்புகளாக, மனித விருப்பாற்றலைப் பற்றிய ஐந்தாம் பெரும்பிரிவில் தொலைவில் வைக்கப்பட்டுள்ளன.

இவ்வமைப்பின் முதல் வலிமை தேடுவோருக்குக் கிடைக்கும் பயனில் உள்ளது. எழுதுபவருக்கு வேண்டிய சொல் நினைவுக்கு வராதபோது, அச்சொல் எதை மறுக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். ஆகவே எதிர் நிரல் தேடலுக்கு இரண்டாவது வாயிலாகிறது. இரண்டாவது வலிமை இதனினும் ஆழமானது: எதிரைக் கண்டுபிடிக்க முயலும்போதுதான் ஒரு சொல்லின் எல்லை தெளிவாகிறது. ‘சேஞ்ச்’ என்பதற்கு நிலைபேற்றையும், மாறும் இயல்புக்கு ‘ஸ்டெபிலிட்டி’ என்னும் உறுதிப்பாட்டையும் தனித்தனியே எதிராக நிறுத்தியதன் வழியாக, நிகழ்ந்துவிட்ட மாற்றம் வேறு, நிகழக்கூடிய தன்மை வேறு என்னும் நுண்ணிய வேறுபாட்டை ரோஜே வெளிக்கொணர்ந்தார். நூறாண்டு மாறாமல் நின்ற ஒரு சட்டம் எளிதில் மாறக்கூடியதாகவும், அடிக்கடி திருத்தப்பட்ட ஓர் அமைப்பு அடிப்படையில் உறுதியானதாகவும் இருக்கலாம் என்பதை எண்ணிப் பார்த்தால், இவ்வேறுபாட்டின் மதிப்பு விளங்கும். ஒத்த சொற்களை மட்டும் திரட்டும் அகராதியில் இது புலப்படாமலே போயிருக்கும்.

முறையின் முதற்குறை, இரண்டு வேறு வகை எதிர்களை ஒரே வடிவில் காட்டுவது. மாறாதிருத்தல் ஓர் எதிர். எதிர்த்திசையில் மாறுதல் மற்றோர் எதிர். அரிஸ்டாட்டில் ‘கேட்டகரீஸ்’ என்னும் நூலில் தோற்றம், அழிவு, பெருக்கம், குறைவு, பண்புத் திரிபு, இடமாற்றம் என ஆறு வகை இயக்கங்களைப் பிரித்தபோதே இச்சிக்கலை எதிர்கொண்டார். பொதுவாக இயக்கத்திற்கு எதிர் அமைதி என்று கூறியவர், தனித்தனி வகைகளில் தோற்றத்திற்கு அழிவையும் பெருக்கத்திற்குக் குறைவையும் எதிராகக் காட்டினார். பண்புத் திரிபுக்கு எதிர் எதுவெனச் சொல்வது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொண்டார். ஒரு துணி வெளுப்பதற்கு எதிர் அது கறுப்பதா, வெளுக்காமல் இருந்தபடியே இருப்பதா என்று கேட்டால் இரண்டும் பொருந்தும். ரோஜேயின் பகுதியில் மாற்றமும் நிலைபேறும் முதல்வகை எதிர். ‘கன்வர்ஷன்’, ‘ரிவர்ஷன்’ இரண்டும் இரண்டாம் வகை எதிர். இரு இணைகளும் பக்கத்தில் ஒரே தோற்றத்துடன் நிற்பதால், படிப்பவர் இவற்றின் உறவு ஒன்றே என்று கருத நேரிடுகிறது.

இரண்டாம் குறை, எதிர்த்திசை மாற்றத்தையும் மீட்சியையும் ஒன்றாகக் கொள்வதில் உள்ளது. உயர்தலும் தாழ்தலும் ஒன்றையொன்று முன்தேவையாகக் கொள்ளாதவை. இதற்கு முன் ஒருபோதும் உயராத விலையும் தாழலாம். ஆனால் சுற்றிய உறையைப் பிரிப்பதைக் குறிக்கும் ‘அன்ராப்’ என்னும் வினை, முன்பு உறை சுற்றப்பட்டிருந்தது என்பதைத் தன்னுள் கொண்டது. உறை சுற்றுவதைக் குறிக்கும் ‘ராப்’ என்பதோ முன்பு உறை பிரிக்கப்பட்டிருந்தது என்று சொல்வதில்லை. ‘ஃப்ரீஸ்’ என்னும் உறைதலுக்கு ‘மெல்ட்’, ‘தா’ என்னும் இரண்டும் எதிராகத் தரப்படுகின்றன. எனினும் இரும்பும் மெழுகும் உருகும்போது ‘மெல்ட்’ பொருந்துமே தவிர, உறைந்தது இளகிப் பழைய நிலைக்கு வருவதைச் சுட்டும் ‘தா’ பொருந்தாது. பொருண்மையியலாளர் ஆலன் குரூஸ் 1986-இல் வெளிவந்த தம் நூலில், எதிர்த்திசைச் செயல்களுள் முன்னைய நிலையை மீட்பவற்றைத் தனியே பிரித்துப் பேசியதற்குக் காரணம் இதுவே.

மீட்சிச் சொற்கள் எல்லா மாற்றங்களுக்கும் கிடைப்பதில்லை என்பதும் கருதத்தக்கது. ‘அன்’ என்னும் முன்னொட்டு பூட்டுதல், மடித்தல், மூடுதல், கட்டுதல் ஆகியவற்றைக் குறிக்கும் வினைகளோடு இயல்பாகச் சேர்கிறது. உடைத்தல், எரித்தல், கொதிக்கவைத்தல் ஆகியவற்றைக் குறிக்கும் வினைகளோடு சேர்வதில்லை. மூடுதல், சூழ்தல், மேற்பரப்பில் ஒட்டுதல் என்னும் பொருட்கூறு மறைமுகமான இலக்கண வகையாக இங்கே தொழிற்படுகிறது என்று மொழியியலாளர் பெஞ்சமின் லீ வோர்ஃப் விளக்கினார். பழுத்தல், அழுகுதல், எரிதல் போன்ற மீளா மாற்றங்களுக்குப் பாடநூல்கள் எப்படியாவது ஓர் எதிர்ச்சொல்லைத் தேடித் தரும்போது, உலகில் மீளாத ஒன்று பட்டியலில் மட்டும் மீள்கிறது.

மூன்றாம் குறை வேகத்தைப் பற்றியது. பொருளியல் கலைச்சொற்கள் இதற்குத் தெளிவான சான்று. பொது விலைமட்டம் தொடர்ந்து உயர்வது ‘இன்ஃப்ளேஷன்’ என்னும் பணவீக்கம். அதன் எதிராக இயல்பாகச் சொல்லப்படும் ‘டிஃப்ளேஷன்’, விலைமட்டமே கீழிறங்குவதைக் குறிக்கும். விலை உயர்ந்துகொண்டே இருக்க, உயரும் வேகம் மட்டும் தணிவது ‘டிஸ்இன்ஃப்ளேஷன்’. அமெரிக்காவில் 1980-இல் ஆண்டுச் சராசரியாக 13 விழுக்காட்டைத் தாண்டிய பணவீக்கம், பால் வோல்க்கர் தலைமையிலான மைய வங்கியின் கடும் வட்டிக் கொள்கையால் 1983-இல் ஏறத்தாழ 3 விழுக்காட்டிற்கு இறங்கியது. அக்காலம் முழுவதும் ஆண்டு விலைமட்டம் ஏறியே வந்தது. மாறாக, ஜப்பான் 1990களின் இறுதியிலிருந்து எதிர்கொண்டது விலைமட்டத்தின் இறக்கம். முன்னதில் எதிராவது வேகம், பின்னதில் எதிராவது திசை. ஒரே எதிர்ச்சொல்லோடு நிற்கும் பட்டியலைப் பயின்றவர், பணவீக்கம் குறைந்தது என்னும் செய்தியை விலை குறைந்தது என்று படிக்கும் பிழைக்கு எளிதில் ஆளாகிறார்.

கூறுகள் அனைத்தும் ஒரே சொல்லில் குவியும் இடம் ‘ரெவல்யூஷன்’. வேகத்தை அளவாகக் கொண்டால் படிப்படியான வளர்ச்சியாகிய ‘எவல்யூஷன்’ அதற்கு எதிர். வழிமுறையை அளவாகக் கொண்டால் 1832-இல் பிரிட்டனின் தேர்தல் முறையைச் சட்டத்தின் வழியே திருத்திய நடவடிக்கை போன்ற ‘ரிஃபார்ம்’ எதிர். விளைவை அளவாகக் கொண்டால் 1660-இல் இங்கிலாந்தில் முடியாட்சி திரும்பியதைக் குறிக்கும் ‘ரெஸ்டோரேஷன்’ எதிர். அரசியல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் 1796-இல் எழுதிய ஒரு மடலில் மாற்றத்தையும் சீர்திருத்தத்தையுமே ஒன்றற்கொன்று எதிராக நிறுத்தினார். குறையை மட்டும் களைந்து அடிப்படையைக் காப்பது சீர்திருத்தம் என்பது அவர் கொண்ட நிலை. இவற்றினும் வியப்புக்குரியது ‘ரெவல்யூஷன்’ என்னும் சொல்லின் வரலாறு. கோள்கள் சுழன்று புறப்பட்ட இடத்திற்கே மீள்வதைக் குறிக்கும் வானியல் சொல்லாக, 1543-இல் வெளியான கோப்பர்னிக்கஸின் நூல் தலைப்பில் இடம்பெற்ற அது, 1660-இன் முடியாட்சி மீட்சியையே குறிக்கவும் ஆளப்பட்டதை அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட் 1963-இல் சுட்டிக்காட்டினார். இன்று அதன் எதிராகக் கருதப்படும் மீட்சி ஒரு காலத்தில் அதன் பொருளாகவே இருந்தது. எதிர்நிலைகளும் வரலாற்றில் இடம் மாறுபவை என்பதைக் காட்ட இணைநிரலில் வழியில்லை.

இக்குறைகளை எல்லாம் ரோஜேயின் அறியாமையாகக் கொள்வது நேர்மையாகாது. கொடுத்தலுக்குப் பெறுதல், எடுத்தல் என்னும் இரண்டும், ஆங்கிலத்தில் ‘ஓல்ட்’ என்பதற்குப் புதுமை, இளமை என்னும் இரண்டும் எதிராவதை அவர் முன்னுரையிலேயே விளக்கியிருந்தார். குவிவு, சமம், குழிவு என்பதுபோல் இரு முனைகளுக்கு நடுவே மூன்றாம் கருத்து அமைவதையும் அவர் எடுத்துக்காட்டினார். நிலைபேறு, மீள்திரும்பல், மீட்டமைப்பு, மீள்நலிவு ஆகியவற்றைத் தனித்தனித் தலைப்புகளாக்கியதால், ஒரு மாற்றத்திற்குரிய பல எதிர்களும் நூலின் வெவ்வேறு பக்கங்களில் பாதுகாக்கப்பட்டன. அவருடைய உண்மையான குறை, இப்பக்கங்களை இணைக்கும் விதியைக் கூறாமல் விட்டதே. சீர்படுதலை விருப்பாற்றல் பிரிவில் வைத்தபின், யாரும் விரும்பாமலும் முயலாமலும் நேரும் நன்மாற்றம் எங்கே சேரும் என்னும் வினா விடையின்றி நிற்கிறது.

அவருக்குப் பின் வந்த சுருக்கமே இம்முறையை வலுவிழக்கச் செய்தது. எதிர்ச்சொல்லைக் குறிக்கும் ‘ஆன்டனிம்’ என்னும் சொல், தெசாரஸ் வெளிவந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, சார்லஸ் ஜான் ஸ்மித்தின் 1867ஆம் ஆண்டுத் தொகுப்பின் வழியே பரவியது. கருத்துகளுக்கு இடையிலான எதிர்மை, சொல்லுக்குச் சொல் என்னும் கணக்காகச் சுருங்கியது. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாள் வரை வந்து சேர்ந்திருப்பது இச்சுருங்கிய வடிவமே: நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் மாணவருக்கு, எக்கூற்றில் எதிர் என்று கேட்க இடமில்லை. இதற்கு மாற்றான வழியை, 1985-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் தொடங்கிய ‘வேர்ட்நெட்’ என்னும் கணினிச் சொல்வலை காட்டியது. ‘ரைஸ்’ என்பதற்கு ‘ஃபால்’, ‘அசென்ட்’ என்பதற்கு ‘டிசென்ட்’ என வழக்கில் இணைந்த சொற்களையும், பொருளால் எதிராயினும் வழக்கில் இணை சேராத ‘ரைஸ்’, ‘டிசென்ட்’ போன்றவற்றையும் அது வேறுபடுத்துகிறது. இதனால் கருத்தின் எதிர்மையும் சொல்வழக்கின் எதிர்மையும் இருவேறு செய்திகளாகப் பதிவாகின்றன. எனினும் திசை, வேகம், மீட்சி என்னும் கூறுகளைப் பெயரிட்டுக் காட்டும் பணி அங்கும் நிறைவுறவில்லை.

ஆகவே இணைநிரல் முறையைத் தேடற்கருவியாகவும் எல்லை வரையும் கருவியாகவும் ஏற்று, பொருள் விளக்கமாக அதைக் கொள்ள மறுப்பதே தக்க மதிப்பீடாகும். ஒரு மாற்றச் சொல்லுக்கு எதிர்ச்சொல் தரும் அகராதி, அது மாறாமையா, எதிர்த்திசையா, மீட்சியா, வேகத் தணிவா, மதிப்பில் எதிரா என்பதை ஓரிரு சொற்களில் குறிப்பது கடினமன்று. மீளா மாற்றங்களுக்கு எதிர்ச்சொல் இல்லையென்று வெளிப்படையாகச் சொல்வதும் அகராதியின் கடமையே. வினாத்தாள் அமைப்போர் சொல்லை ஒரு தொடரில் வைத்துக் கேட்டு, அத்தொடரில் எக்கூறு எதிராகிறது என்பதையும் விடையில் சேர்த்தால், எதிர்ச்சொற் பயிற்சி மனப்பாடத்திலிருந்து விலகிப் பொருளாய்வாக மாறும்.