லிங்க் எடுப்பதா, செட்டை மாற்றுவதா?

பைக் செயின் தொங்கி, பின்சக்கர அட்ஜஸ்டர் கடைசிக் கோட்டைத் தொட்டதும் பட்டறையில் இரண்டு யோசனை கிளம்பும். “ஒரு லிங்க் எடுத்துட்டா இன்னும் ஆறு மாசம் ஓடும்ணே” என்பது ஒன்று. “செட்டா மாத்திருங்க”, அதாவது செயினோடு முன், பின் ஸ்பிராக்கெட்டுகளையும் சேர்த்து, என்பது இன்னொன்று. முன்னது சிக்கனம் போலவும் பின்னது வியாபாரம் போலவும் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

நம் ஊர் 100, 125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் ஓடுவது 428 செயின். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடைவெளி 12.7 மி.மீ. ‘செயின் நீண்டுடுச்சு’ என்கிறோம். உண்மையில் பின்னும் அதைச் சுற்றியிருக்கும் புஷ்ஷும் உரசித் தேய்ந்து, ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை ஆட்டம் விழுகிறது. அத்தனை மயிரிழையும் சேர்ந்துதான் தொங்கலாகத் தெரிகிறது. 2 சதவீதம் நீண்டால் மாற்ற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 104 லிங்க் செயினின் புது நீளம் சுமார் 1,321 மி.மீ.; அதில் 2 சதவீதம் 26 மி.மீ. லிங்கை எடுப்பதென்றால் உள் லிங்க் ஒன்று, வெளி லிங்க் ஒன்று என ஜோடியாகத்தான் எடுக்க முடியும். அது 25.4 மி.மீ. ஆக, ஒரு ஜோடியை எடுக்குமளவு செயின் நீண்டிருக்கிறது என்றால், தூக்கிப் போட வேண்டிய நாளும் அதுதான்! வெட்டியவர் நீளத்தைத்தான் குறைத்தார். மிச்சமுள்ள மூட்டுகளில் இடைவெளி 12.95 ஆகவே நிற்கிறது. இந்த யோசனையை இங்கேயே தள்ளிவிடலாம்.

செயினை மட்டும் மாற்றலாமே என்பவர்களை அப்படித் தள்ள முடியாது. ஸ்பிராக்கெட் பற்கள் நேராக இருந்து, செயினும் எல்லையைத் தொடுமுன்பே மாற்றப்பட்டால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் யார் அப்படி மாற்றுகிறோம்? ஒரு நண்பரின் வண்டியில் முன் ஸ்பிராக்கெட்டைக் கழற்றிப் புதியதன் மேல் வைத்துப் பார்த்தோம். பற்கள் எல்லாம் ஒரே பக்கம் அரிவாள் மூக்காக வளைந்திருந்தன; விரலை ஒரு திசையில் ஓட்டினால் வழுக்கியது, மறு திசையில் கொக்கியாகப் பிடித்தது. அதன் மேல் புதுச் செயினைப் போட்டால் சுமை எல்லாப் பற்களுக்கும் பரவாது, புதுசும் சீக்கிரமே கெடும். முன்னே 14 பல், பின்னே 42 என்றால், பின்னது ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் முன்னது மூன்று சுற்றுச் சுற்றிவிடும்; அதன் பற்களே முதலில் தேயும். அதனால் செயினோடு முன் ஸ்பிராக்கெட்டை மட்டும் மாற்றும் நடுவழிக்கும் நியாயம் உண்டு, பின்பற்கள் கூராகாதவரை.

செட்டுதான் சரி என்பது என் முடிவு. ஆனால் அளந்த பிறகு. சத்தம் வருகிறது என்று நல்ல செட்டைக் கழற்றி எறிபவர்கள் இருக்கிறார்கள்; பல நேரம் குற்றம் எண்ணெய் காணாத வறட்சி மட்டுமே. முழுக் கவர் போட்ட வண்டிகளில் தூசி அண்டாது, உண்மைதான். அதே கவர் தேய்மானத்தையும் மறைத்துவிடுகிறது. கவரைக் கழற்றி, செயினை விறைப்பாக இழுத்து, 21 பின்களை எண்ணி, முதல் பின்னின் நடுவிலிருந்து கடைசிப் பின்னின் நடுவரை அளக்க வேண்டும். புதுசில் 254 மி.மீ. வரும், 259 எல்லை.

நண்பரின் செயினில் 261 வந்தது. 104 லிங்க் இருக்க வேண்டிய வண்டி அது. எண்ணிப் பார்த்தால் 102தான்.