பாவைகளின் சினம்

‘பப்பெட் மாஸ்டர்’ (1989) என்னும் அமெரிக்க அச்சப்படத்தின் தொடர்ச்சியாக 1990-இல் உருவான இரண்டாம் படத்தை இயக்கியவர் டேவிட் ஆலன். முதற்படத்திற் பாவைகளுக்கு அசைவளித்த கைவினைஞர் இவரே. ஆதலின் மாந்தர் உரையாடுங் காட்சிகள் சோர்ந்து கிடப்பினும், பாவை நடக்குமிடத்து நம் கண் இமைப்பதில்லை. சிறிது அசைத்து ஒரு படம், மீண்டும் அசைத்து மற்றொன்று எனப் பொறுமையிற் பிறந்த நடை அது.

தம்மை ஆக்கிய தூலோனைப் பாவைகள் புதைகுழியினின்று எழுப்புகின்றன. அவன் பொருட்டுக் கொலையும் புரிகின்றன. அவனோ உயிர்மருந்தைத் தனக்கும் தான் விரும்பிய பெண்ணுக்குமே கருதுகிறான். அஃதறிந்த பாவைகள் அவனையே அழிக்கின்றன. ஆட்டுவிப்பான் வழி ஆடுவதே பாவை என்னும் பழைய உவமை இங்கு முறிகிறது. செலவு குறைந்த படமென இதனைத் தள்ளுவாரோடு நாம் உடன்படோம்.