யார் கையில் விளக்குமாறு?

பிற நாடொன்றுக்கு உதவி செய்யச் சென்ற குடும்பத்தின் அன்றாட வாழ்வை எழுதுவது மேலைநாட்டு எழுத்தில் ஒரு தனிக் கிளையாகவே வளர்ந்திருக்கின்றது. நாவல், நாட்குறிப்பு, நினைவுக் குறிப்பு என வடிவங்கள் பலவாயினும் கதையின் போக்கு பெரும்பாலும் ஒன்றே. விமானத்தினின்றும் இறங்குதல், வெக்கை, நுளம்பு, கொதிக்க வைத்த தண்ணீர், மொழி விளங்காமை, சமையற்காரரோடு பிணக்கு, பிள்ளையின் காய்ச்சல், பின்னர் மெல்ல மெல்லப் பழகிப் போதல், ஈற்றிற் கண்ணீரோடு விடைபெறுதல். இப்படிகளைத் தாண்டிய குடும்பம் 'வளர்ந்துவிட்டது' என்று நூலின் கடைசிப் பக்கம் நமக்கு அறிவிக்கின்றது.

இவ்வெழுத்தைப் பொழுதுபோக்காகப் படித்து ஒதுக்கிவிட நம்மால் இயலாது. நாம் உதவி பெறுவோரின் பக்கத்தில் நின்று இதனைப் படிப்பவர்கள். 1950 ஜனவரியிற் கொழும்பிற் கூடிய பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டமைச்சர் மாநாட்டிலிருந்து பிறந்த திட்டம் நமது தலைநகரின் பெயரையே தாங்கி நிற்கின்றது. 2004 டிசம்பர் 26இற் கடல் பொங்கிய பின்னர் நமது கரையோர ஊர்களில் வெளிநாட்டு உதவிப் பணியாளர் பலர் வீடெடுத்துத் தங்கினர். அவ்வீடுகளிற் சமைத்தவர்களும், கூட்டியவர்களும், வாசலிற் காவல் நின்றவர்களும் நம்மவர்களே. ஆகவே, 'அக்குடும்பம் எவ்வாறு பழகிக்கொண்டது?' என்று அந்நூல்கள் கேட்கும்போது, 'யாருடைய உழைப்பினால்?' என்று நாம் திருப்பிக் கேட்க உரிமையுடையோம்.

இவ்வினாவை மனத்திற்கொண்டு மூன்று நாவல்களை இங்கு நோக்குவோம். ஒன்று, வில்லியம் லெடரரும் யூஜின் பேர்டிக்கும் சேர்ந்தெழுதி 1958இல் வெளியான 'அழகற்ற அமெரிக்கன்'. இரண்டாவது, பார்பரா கிங்சொல்வரின் 'நச்சுமர வேதாகமம்', 1998இல் வெளியானது. மூன்றாவது, கமரூனைச் சேர்ந்த பேர்டினண்ட் ஒயோனோ பிரெஞ்சு மொழியில் எழுதி 1956இல் வெளியிட்ட 'வேலைக்காரப் பையனின் வாழ்வு'.

'அழகற்ற அமெரிக்கன்' என்ற தொடர் இன்று பிறநாட்டில் அகங்காரத்தோடு நடந்துகொள்ளும் அமெரிக்கரைக் குறிக்க வழங்குகின்றது. நாவலிலோ அது அதற்கு நேர்மாறான ஒருவரைக் குறிப்பது. ஹோமர் அட்கின்ஸ் என்னும் பொறியியலாளர் தோற்றத்தில் அழகற்றவர். கைகள் உழைத்துத் தழும்பேறியவை. சர்க்கான் என்னும் கற்பனைத் தென்கிழக்காசிய நாட்டில், அவரும் மனைவி எம்மாவும் தூதரகத்தாரின் விருந்துகளை விட்டு விலகிச் சிற்றூரொன்றில் மண்தரை வீட்டிற் குடியேறுகின்றனர். அதே நாட்டில் அமெரிக்க அலுவலகப் பெண்ணொருத்தி, வேலையாட்கள் சூழ்ந்த தன் வசதியான வாழ்வை மெச்சி ஊருக்குக் கடிதம் எழுதுகிறாள். இவ்விரு வீடுகளையும் எதிரெதிரே நிறுத்தியதே நூலின் வலிமை. அந்நாளிற் செனற் சபை உறுப்பினராயிருந்த கென்னடி இந்நூலின் பிரதிகளைச் சக உறுப்பினர்களுக்கு அனுப்பச் செய்ததும், ஜனாதிபதியான பின் 1961இற் சமாதானப் படையை நிறுவியதும் வரலாறு.

அட்கின்ஸ் நீரிறைக்கும் பொறியொன்றை அமைக்கும் பகுதி நம் மதிப்புக்குரியது. சைக்கிளைக் கழற்றிப் பொறியோடு பூட்டிவிடலாம் என்பது அவரது எண்ணம். ஜீப்போ என்னும் உள்ளூர்க் கைவினைஞர் அதனை மறுக்கிறார். ஏழைக் குடியானவனுக்குச் சைக்கிள் ஓர் உடைமை. அதனை அழித்து நீர் இறைப்பதில் அவனுக்கு இலாபமில்லை என்பது அவர் வாதம். இருவரும் உரத்த குரலிற் சண்டையிடுகின்றனர். கூடியிருந்த ஊரார் திகைக்கின்றனர். ஈற்றிற் சைக்கிளைச் சிதைக்காமலே பொறியை இயக்க வழி பிறக்கின்றது. இருவரும் பங்காளிகளாகின்றனர். உதவி என்பது சமமான இரு தொழிலாளரின் வாக்குவாதமாக மாறும் இவ்விடத்திலே நாவல் தன் சொந்த அரசியலையும் மிஞ்சி உயர்கின்றது என்று நாம் கருதுகிறோம்.

ஆயின் எம்மாவின் கதை வேறு. அவ்வூர் முதியோரின் முதுகு கூனியிருப்பதை அவர் கவனிக்கிறார். குட்டைப் பிடி கொண்ட விளக்குமாற்றாற் குனிந்து கூட்டுவதே காரணம் என்று கண்டு, நீண்ட தண்டுள்ள நாணல் வகையொன்றைத் தேடி எடுத்துத் தம் வீட்டருகே நட்டு வளர்க்கிறார். அதனால் நெடிய பிடியுள்ள விளக்குமாறு செய்து கூட்டிக் காட்டுகிறார். எவருக்கும் போதிக்கவில்லை, அயலார் பார்த்துக் கேட்டுப் பின்பற்றுகின்றனர். குடும்பம் தாய்நாடு திரும்பிய பின்னர், எம்மாவின் நினைவாகச் சிறு கோயில் கட்டியிருப்பதாக ஊர்த் தலைவர் கடிதம் எழுதுகிறார்.

எம்மா அடக்கமும் கண்கூர்மையும் உள்ளவர். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஈர்க்கு விளக்குமாற்றால் முற்றம் கூட்டிய பாட்டிமாரையும், வீட்டின் உள்ளே தும்புத்தடி பிடித்த கைகளையும் அறிந்த நமக்கு ஓர் ஐயம் எழுகின்றது. நீண்ட தடியாற் கூட்டினால் இடுப்பு நோகாதென்பதை நோகும் இடுப்புக்கு உரியவர்கள் அறியாதிருப்பார்களா? மரம் விலை கூடியது, விளக்குமாற்றுப் பிடிக்கு அதனைச் செலவிட எவராலும் முடியாது என்ற செய்தியை நாவலே ஓரிடத்தில் தெரிவிக்கின்றது. அதுவே உண்மையான காரணம். அது பொருளாதாரக் காரணம். மரம் ஏன் எட்டாத விலையில் இருக்கின்றது, காடு யாருடையது என்று கேட்டிருந்தால் நாவல் வேறு பாதையிற் சென்றிருக்கும். ஆசிரியர்கள் கேட்கவில்லை. வறுமையின் விளைவை அறியாமையின் விளைவாக்கி, அதனைத் தீர்க்க வந்த பெண்ணைத் தெய்வமாக்கிக் கதையை முடிக்கின்றனர். சோவியத் நாட்டோடு அமெரிக்கா நடத்திய போட்டியில் ஆசிய மக்களின் மனத்தை வெல்வதெப்படி என்பதே நூலின் கவலை. அக்கவலைக்குக் கோயில் ஒன்று தேவைப்பட்டது.

நாற்பது ஆண்டுகள் கழித்து எழுதிய கிங்சொல்வரிடம் இந்தத் தன்னிறைவு இல்லை. சிறு வயதில், 1960களின் தொடக்கத்தில், மருத்துவப் பணிக்குச் சென்ற பெற்றோருடன் கொங்கோவிற் சிலகாலம் வாழ்ந்தவர் அவர். அந்த வகையில் உதவிக் குடும்பத்தின் பிள்ளையே இந்நாவலாசிரியர். ஆயினும் நாவலிற் சொந்தக் குடும்பத்தை எழுதாமல், 1959இல் ஜோர்ஜியா மாநிலத்திலிருந்து கொங்கோக் கிராமமொன்றுக்குச் செல்லும் பாதிரியார் நேதன் பிரைஸ் குடும்பத்தைப் படைக்கிறார். தாயும் நான்கு பெண்மக்களும் மாறி மாறிக் கதை சொல்லுகின்றனர். ஆணையிடும் தந்தைக்கு நாவலிற் குரல் இல்லை.

பயணப் பொதியின் நிறைக்கு வரம்பிருந்தமையால், பிள்ளைகளின் பிறந்தநாளுக்கெனக் கேக் மாப் பைக்கற்றுகளை உடுப்பின் கீழே மறைத்துச் சுமந்து வருகின்றனர் இக்குடும்பத்தினர். அந்த ஈரலிப்பில் மா கல்லாக இறுகுகின்றது. தந்தையோ ஊரார்க்கு வேளாண்மை கற்பிக்க முனைந்து சமதரையில் விதைக்கிறார். வீட்டில் உதவிக்கிருந்த மாமா தத்தாபா என்னும் பெண் மண்ணைக் குவித்து மேடாக்க வேண்டுமென்று கூறிச் செய்தும் காட்டுகிறார். அவர் அதனைத் தட்டிச் சமமாக்குகிறார். மழை வந்து விதைகளை அள்ளிச் செல்கின்றது. பின்னர் மேடு கட்டி நட்டபோது கொடிகள் செழித்துப் படர்கின்றன, காய் பிடிக்கவில்லை. அவ்வமெரிக்கப் பயிரின் பூவை நாடி மகரந்தம் சேர்க்கும் பூச்சி அங்கில்லை. திட்ட அறிக்கைகள் பல சொல்லாத உண்மையை இத்தோட்டம் சொல்லிவிடுகின்றது.

தாய் ஓர்லியானாவின் பகுதிகள் வீட்டு வேலையின் பாரத்தை விரித்துக் காட்டுகின்றன. தண்ணீர் கொண்டுவருதல், கொதிக்க வைத்தல், விறகு, கிழங்கு, கோழி. உதவிக்கு இருந்தவர் விலகிய பின்னரே இப்பாரம் எவ்வளவு பெரிது என்று அப்பெண்களுக்குத் தெரிகின்றது. 1960 ஜூன் 30இற் கொங்கோ விடுதலை பெற்ற காலத்தோடு மாதந்தோறும் வந்த பணமும் நின்றுவிடுகின்றது. 'பழகிப் போனோம்' என்று அவர்கள் எண்ணியிருந்தது அந்தப் பணமும் அந்தக் கைகளும் தாங்கிய ஒரு நிலையே என்பது அப்போது வெளிப்படுகின்றது. 1961 ஜனவரி 17இற் பிரதமர் லுமும்பா கொலையுண்ட நாளிலேயே இக்குடும்பத்தின் கடைசிப் பிள்ளையும் பாம்பு தீண்டி இறக்கிறது. வீட்டின் துயரையும் நாட்டின் துயரையும் ஒரே நாளிற் பிணைத்து, அந்தக் கொலையில் தமது நாட்டுக்கிருந்த பங்கை ஆசிரியர் வாசகரின் மனச்சாட்சியின் முன் வைக்கிறார். இத்துணிவைப் பாராட்டுகிறோம்.

எனினும் குறையொன்றைச் சொல்லாதிருக்க முடியவில்லை. இந்நாவலிற் கதை சொல்லும் குரல்கள் ஐந்தும் அமெரிக்கக் குரல்கள். மண்ணைக் குவித்துக் காட்டிய மாமா தத்தாபா அவ்வீட்டைப் பற்றி என்ன நினைத்தார்? அவர் விலகிச் சென்ற இரவிலே தம் வீட்டாரிடம் என்ன சொன்னார்? பெருநாவலுக்குள்ளே அதற்கு ஒரு பக்கம் கிடைக்கவில்லை. குற்றவுணர்வும்கூட எழுதுபவரின் வீட்டைச் சுற்றியே வருமாயின் அது அவ்வீட்டின் மற்றொரு தளபாடமாகிவிடும்.

இவ்விடத்தில் ஒயோனோவின் சிறு நாவல் நமக்குத் துணை வருகின்றது. தூண்டி என்னும் சிறுவன், பாதிரியார் வீதியிலே எறிந்த சர்க்கரைக் கட்டிகளுக்காக மற்றப் பிள்ளைகளோடு முண்டியடித்து, அதனால் வந்த வினையிற் தந்தையின் அடிக்கு அஞ்சி, அப்பாதிரியாரிடமே அடைக்கலம் புகுகிறான். அவரிடம் எழுத்தறிவு பெறுகிறான். அவர் நாட்குறிப்பு எழுதுவதைக் கண்டு தானும் எழுதத் தொடங்குகிறான். அவர் இறந்தபின் பிரெஞ்சு நிருவாக அதிகாரியின் வீட்டில் வேலைக்கு அமர்கிறான். குடியேற்ற அதிகாரி உதவிப் பணியாளர் அல்லரே என்று வாசகர் வினவலாம். உண்மைதான்; ஆள வந்தவரையும் உதவ வந்தவரையும் நாம் ஒன்றாக்கவில்லை. ஆனால் ஆட்சி போன பின்னரும் அவ்வீட்டின் அமைப்புப் போய்விடவில்லை. முன்வாசலால் விருந்தினர் வருவதும் பின்வாசலால் வேலையாள் வருவதும் தொடர்ந்தன.

ஒருநாள் படுக்கையறையைக் கூட்டும்போது, கட்டிலின் கீழிருந்து தம்பதியர் மறைத்து வைத்த கருத்தடைச் சாதனங்களைத் தூண்டியின் விளக்குமாறு வெளியே தள்ளிவிடுகின்றது. அவை யாவை என்றே அறியாத பையன்மீது எசமானி சீறி விழுகிறாள். எசமானிக்கும் சிறைச்சாலை அதிகாரிக்கும் உள்ள தொடர்பையும் அவன் அறிவான். விவசாயப் பொறியியலாளரின் வைப்பாட்டி பணத்தோடு ஓடிய வழக்கிற் குற்றமற்ற அவன் சிக்க வைக்கப்பட்டு, அடிபட்டுத் தப்பியோடி, அயல்நாட்டில் உயிர் விடுகிறான். அவன் செய்த குற்றம் ஒன்றே: வீட்டைக் கூட்டியவன் வீட்டை அறிந்துகொண்டான். எஞ்சியவை அவன் எழுதிய கொப்பிகள்.

எம்மாவின் விளக்குமாறு ஊராரின் முதுகை நிமிர்த்தியதாக ஒரு நூல் சொல்கின்றது. தூண்டியின் விளக்குமாறு வீட்டின் உண்மையை வெளியே கொணர்ந்ததாக மற்றொரு நூல் சொல்கின்றது. எம்மாவுக்குக் கோயில் கிடைத்தது. தூண்டிக்கு மரணம் கிடைத்தது. உதவிக் குடும்பத்தின் அன்றாட வாழ்வை எழுதப் புகும் எவரும் இவ்விரண்டையும் ஒருசேரக் காணாவிடில் அவர் எழுதுவது பாதி வீடே. அக்குடும்பங்களிலும் நல்லவர் பலர் உண்டு. பிள்ளையின் காய்ச்சலுக்கு அஞ்சிய தாயின் இரவு எந்த மொழியிலும் உண்மையான இரவே. ஆனால் அதே இரவில், தன் பிள்ளையை வேறொருவரிடம் விட்டுவிட்டு அந்தக் காய்ச்சலுக்குத் தண்ணீர் கொதிக்க வைத்த ஆயாவின் இரவும் உண்மையானது.

1961இல் நிறுவப்பட்ட அமெரிக்க சர்வதேச அபிவிருத்தி முகவரகம் 2025 ஜூலை 1இல் தன் உதவிப் பணிகளை முடித்துக்கொண்டது. இனித் திரும்பிச் சென்ற குடும்பங்களின் நினைவுக் குறிப்புகள் பல வெளிவரும். அவற்றை நாம் ஆவலோடு படிப்போம். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுநாட் காலையில் வேலையின்றி எழுந்த சமையற்காரரின் குறிப்பு எங்கே என்றும் தேடுவோம்.

இத்தேடலை அந்நியரிடம் மட்டும் வைத்து நாம் நல்லவர்களாகிவிட முடியாது. மலையகத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்டுக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நமது குசினிகளில் வளர்ந்த பிள்ளைகளும் ஒரு புதிய ஊருக்குப் பழகிக்கொண்டவர்கள்தாம். மேற்காசிய வீடுகளுக்கு வேலைக்குச் சென்ற நமது பெண்களும் வெக்கையையும் மொழியையும் தனிமையையும் தாங்கிப் பழகியவர்கள்தாம். அவர்களது பழக்கத்தை எவரும் 'அனுபவம்' என்று அழைப்பதில்லை. அதற்குப் பதிப்பாளரும் காத்திருப்பதில்லை.

தூண்டியிடம் ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் இருந்தன. நமது எழுத்தாளர்கள் செய்யவேண்டிய பணி அதிலிருந்தே தொடங்குகின்றது. பின்வாசலால் உள்ளே சென்று, அந்த வீட்டை அங்கிருந்து எழுதுங்கள். விளக்குமாறு யார் கையில் இருந்ததோ அவர் கண்டது அதிகம்.