எச்சத்தின் மதிப்பு: பழந்துணி, பழங்காகிதக் கலையைத் திறனாய்தல் – சுனாமிகா பாவையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பயன்படுத்தி மிஞ்சிய துணியையும் காகிதத்தையும் கொண்டு செய்யப்படும் கலைப்பொருள்கள் இன்று 'கழிவிலிருந்து கலை' என்ற ஒற்றைத் தொடரால் பாராட்டப்படுகின்றன. அப்பாராட்டு, எச்சப்பொருள் எவரிடமிருந்து வந்தது, எவர் கையால் உருமாறியது என்னும் இரு வினாக்களையும் மறைத்துவிடுகிறது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் ஆரோவில் பகுதியில் தோன்றிய சுனாமிகா என்னும் துணிப்பாவையை மையமாகக் கொண்டும், சங்க இலக்கியம், சிலப்பதிகாரம், தென்மாவட்ட வீட்டுவழக்கு ஆகியவற்றைப் பின்புலமாகக் கொண்டும், இத்தகைய கலையை மதிப்பிடுவதற்கான அளவுகோல் ஒன்றை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: சிதார், கிழி, சொளகு, சுனாமிகா, கந்தா, மஞ்சப்பை, செய்தவர் பெயர்.

முன்னுரை

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில் விசைத்தறிகளால் வாழும் ஊர். தறி ஓடும் தெருக்களில் நூலெச்சம் அன்றாடக் காட்சி. பாவு முடியும் இடத்தில் நெய்ய இயலாமல் மிஞ்சும் இழைகள், நெய்யும்போது அறுந்து விழும் ஊடைநூல், பிழைபட்டு வெட்டி ஒதுக்கிய துணி ஆகியன மூட்டையாகக் கட்டப்பட்டு எடைக்குப் போகின்றன. அவற்றுள் பெரும்பகுதி பட்டறைகளில் எண்ணெய் துடைக்கப் பயன்படும். அவ்விழைகளை அங்கு எவரும் கலைக்குரிய பொருளாக நோக்குவதில்லை. ஆயினும் அத்தகைய எச்சமே நகரத்துக் கண்காட்சியில் சட்டமிட்டுத் தொங்கும்போது சூழல் உணர்வின் சான்றாகிறது. ஒரே பொருள் ஓரிடத்தில் குப்பையாகவும் பிறிதோரிடத்தில் கலையாகவும் மாறுவது எதனால் என்பதே இக்கட்டுரையின் தொடக்க வினா.

1. சிதாரும் கிழியும்

துண்டுத் துணி குறித்துப் பழந்தமிழ் இலக்கியத்தில் இருவேறு பார்வைகள் உள்ளன. முதலாவது பார்வையில் கந்தல் வறுமையின் குறி. முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில், கரிகாலனை நாடிவரும் பொருநனின் உடை 'சிதாஅர்' எனப்படுகிறது. அது வியர்வையில் நனைந்தது. ஈரும் பேனும் குடியேறியது. வேற்றிழை நுழைத்துத் தைக்கப்பட்டது. அரசன் அதனைக் களைந்து, இழை போன வழி கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய ஆடையை நல்குகிறான். புறநானூற்றின் கொடைப் பாடல்களிலும் பழைய உடையை நீக்கிப் புத்தாடை உடுத்தும் செயல் மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது. இங்குத் தையல் என்பது திறன் அன்று. வேறு உடை இல்லாமையின் அடையாளம். எனினும் ஒன்று கருதத்தக்கது. வேற்றிழை என்று நுணுகிக் காணும் அளவிற்குப் புலவர் அக்கந்தலை உற்றுநோக்கியிருக்கிறார். உடுத்தவனின் வரலாறு அத்தையலில் பதிந்துள்ளது.

இரண்டாவது பார்வையைச் சிலப்பதிகாரம் தருகிறது. இந்திரவிழவூரெடுத்த காதையில் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளர் பட்டியலில் துன்னகாரருக்கும் தோல் தைப்பாருக்கும் அடுத்ததாகக் கிழியாலும் கிடையாலும் பல தொழில் செய்வோர் வருகின்றனர். கிழி துணி என்றும், கிடை நெட்டி என்றும் உரைகள் கொள்கின்றன. நெட்டி, காகிதம் போல் வெட்டவும் மடிக்கவும் இசைவது. ஆகவே துண்டுத் துணியையும் அதற்கு இணையான மென்பொருளையும் கொண்டு கைவினை செய்தோர் புகாரில் தனித் தொழிற்பிரிவாக இருந்தனர் என்பதும், அவர்தம் வினை பழுதற்றது என்று இளங்கோவடிகளால் சிறப்பிக்கப்படுகிறது என்பதும் தெளிவு.

சிதார் உடுத்தவனை நினைவூட்டுகிறது. கிழி செய்தவனை நினைவூட்டுகிறது. இன்று வழங்கும் 'கழிவு' என்ற சொல்லோ இருவரையும் நினைவூட்டுவதில்லை. அது பொருளை அதன் முற்பிறப்பிலிருந்து துண்டித்துவிடுகிறது. திறனாய்வின் சிக்கல் இச்சொல்லிலேயே தொடங்குகிறது.

2. கலை எனப்படாத வீட்டுவழக்கு

பழங்காகிதத்தையும் பழந்துணியையும் இணைத்துப் பயன்படுத்தும் முறை தமிழகத்திற்குப் புதிதன்று. நெல்லை வட்டாரத்தில் முறத்தைச் சொளகு என்பர். மூங்கிற் சொளகு நைந்து இடுக்கு விழுந்தால் அதனை எறிவதில்லை. ஊறிய காகிதத்தையும் வெந்தயத்தையும் சேர்த்து ஆட்டுரலில் அரைத்து, அக்கூழால் சொளகை மெழுகி வெயிலில் காயவைப்பர். வெந்தயத்தின் பசைத்தன்மை கூழைப் பிணைக்கும். அதன் கசப்பு பூச்சியை அண்டவிடாது. இக்கட்டுரையாளரின் பாட்டி, உடைந்த விளிம்பில் பழஞ்சேலைக் கிழியை முதலில் ஒட்டி அதன்மேல் மெழுகுவார். அரைக்கப்பட்டவை பெரும்பாலும் முந்தைய ஆண்டின் பள்ளி நோட்டுகள். காய்ந்த சொளகில் நீலமையின் சாயல் அங்கங்கே தெரியும்.

பழஞ்சேலை தொட்டிலாவதும், வேட்டிக் கிழி விளக்குத் திரியாவதும், கந்தல் சும்மாடாவதும் இவ்வகையினவே. இவற்றுள் எதற்கும் மறுசுழற்சி என்ற பெயர் இல்லை. எது எவருடைய சேலை, எவர் மெழுகியது என்பது வீட்டார் அனைவர்க்கும் தெரியும். செய்தவர் பெயரைத் தனியே எழுதவேண்டிய தேவை அங்கு எழவில்லை. உறவே அப்பெயரைச் சுமந்தது.

துணியும் காகிதமும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை என்பதற்கும் சான்றுகள் உள்ளன. புதுச்சேரியில் 1959இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமக் கைத்தாள் கூடம், ஆடைத் தொழிலில் மிஞ்சும் பருத்தித் துணித் துண்டுகளைக் கூழாக்கித் தாள் செய்கிறது. ஜப்பானிய ஷிஃபு மரபு இதன் மறுதலை. பழைய கணக்கேட்டுத் தாள்களை இழையாகக் கீறி முறுக்கி ஆடை நெய்தனர். எனவே இக்கலையில் பொருளின் வகையைவிட, பொருள் கைமாறும் வழியே முதன்மையானது.

3. சுனாமிகா: விற்கப்படாத பாவை

2004 டிசம்பர் 26 அன்று தமிழகக் கடற்கரையைத் தாக்கிய ஆழிப்பேரலைக்குப் பின், ஆரோவிலில் உமா பிரஜாபதி நிறுவிய உபாசனா வடிவமைப்பகம் அருகிலுள்ள மீனவக் குப்பங்களின் பெண்களுக்குத் துணிப்பாவை செய்யும் பயிற்சியை அளித்தது. ஆடைத் தொழிலில் மிஞ்சிய துண்டுத் துணியே மூலப்பொருள். விரல் நீளத்துக்குள் அடங்கும் அப்பாவைக்குச் சுனாமிகா என்று பெயரிடப்பட்டது. துயரால் செயலற்றுப்போன கைகளுக்கு ஒரு வேலையும், அவ்வேலைக்கு ஊதியமும் தருவது நோக்கம். பாவை விலைக்கு விற்கப்படுவதில்லை. அது பரிசாகவே கொடுக்கப்படும். பெறுவோர் விரும்பினால் நன்கொடை அளிக்கலாம். அந்நன்கொடையே மேலும் பாவைகள் செய்ய உதவும்.

கலைப்பொருள் என்ற வகையில் இதன் வலிமை மூன்று இடங்களில் உள்ளது. முதலாவது, அளவு. பேரலையின் பெயரைத் தாங்கும் பொருள் உள்ளங்கையில் அடங்குகிறது. நினைவுச்சின்னங்களின் பெருமிதம் இதில் இல்லை. இரண்டாவது, பொருள். ஆடையாக முழுமை பெறாமல் எஞ்சிய துண்டு, குடும்பத்தில் எஞ்சியோரின் கையில் உருப்பெறுகிறது. எச்சம் என்ற சொல் இங்கு இருபொருள்பட நிற்கிறது. அதனைப் பாவை விளக்கிச் சொல்லாமலே உணர்த்துகிறது. மூன்றாவது, விலைமறுப்பு. விலை இன்மையால் இதனைப் பொருட்காட்சியின் தரவரிசையில் வைக்க இயலாது.

ஆயினும் ஒரு குறை சுட்டத்தக்கது. பெறுவோர் அறிவது பாவையின் பெயரை. செய்தவர் 'மீனவப் பெண்கள்' என்னும் கூட்டுப்பெயராலேயே பரவலாக அறியப்படுகின்றனர். பேரலைக்குப் பெயர் உண்டு, பாவைக்குப் பெயர் உண்டு, வடிவமைப்பகத்திற்குப் பெயர் உண்டு. ஊசி பிடித்த கைக்கு மட்டும் இல்லை. இக்கட்டுரையாளர் தொடக்கத்தில் இதனைப் பாவையின் பெருங்குறையாகவே கருதினார். அம்முடிவை மறுபரிசீலனை செய்யத் தூண்டியவை பிற நாட்டு, பிற மாநிலச் சான்றுகள்.

4. பெயரும் பங்கும்

வங்காளத்துக் கந்தா, பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கித் தைத்த போர்வை. சேலைக் கரையிலிருந்து உருவிய நூலே தையல் நூலாகும். கொல்கத்தா அருகே குருசதய் அருங்காட்சியகத்தில் உள்ள 19ஆம் நூற்றாண்டுக் கந்தா ஒன்றில், அதனைத் தைத்த மானதாசுந்தரி தம் பெயரையும், தந்தைக்காகச் செய்தது என்ற செய்தியையும் தையலாலேயே எழுதியுள்ளார். அதுவும் விற்பனைக்கன்று; பரிசு. அங்குப் பெயர் உறவை அறிவிக்கிறது, உரிமையை அன்று.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் ஊரின் கறுப்பினப் பெண்கள், நைந்த உழைப்பாடைகளைக் கொண்டு தைத்த ஒட்டுப்போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன. ஒவ்வொரு போர்வையின் அருகிலும் தைத்தவர் பெயர் இருந்தது. எனினும் 2007இல் அப்பெண்களுள் சிலர் தமக்குரிய பங்கு கிடைக்கவில்லை என்று வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டு வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. பெயர் பொறித்தால் மட்டும் நீதி நிறைவுறாது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. சந்தை நுழைந்த இடத்தில் பெயருடன் பங்கும் வேண்டும்.

இவ்விரண்டையும் சுனாமிகாவுடன் ஒப்பிடும்போது ஓர் அளவுகோல் தெளிவாகிறது. எச்சப்பொருட் கலை இரு வகைப் பரிமாற்றங்களுள் ஒன்றில் இயங்குகிறது. ஒன்று கொடை, மற்றொன்று விலை. கொடையில், செய்தவர் விரும்பினால் பெயர் சொல்லலாம், விரும்பாவிடில் பேசாதிருக்கலாம். மகவை இழந்த தாய் ஒருத்தி தன் பெயர் ஆயிரம் பேர் கைக்குப் போகவேண்டாம் என்று கருதினால் அம்மௌனமும் மதிக்கத்தக்கதே. ஆகவே சுனாமிகாவின் பெயரின்மையைப் பெருங்குறை என்பது பொருந்தாது. அம்மௌனம் செய்தவர்தம் தேர்வா, ஏற்பாட்டின் விளைவா என்று வினவுவதே முறை. ஆனால் அதே பாவை நாளை ஒரு கடையில் விலைச்சீட்டுடன் அமருமாயின், அக்கணமே பெயரின்மை சுரண்டலாக மாறும்.

5. மஞ்சப்பையும் தறித்தெருவும்

இவ்வளவுகோல் நம் காலத்துத் தமிழகத்திற்கு நேரடியாகப் பொருந்துகிறது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. மஞ்சப்பையோடு நகரத்துக்கு வந்தவனைப் பட்டிக்காட்டான் என்று திரைப்படம் எள்ளிய காலம் ஒன்று இருந்தது. இன்று அதே பை பொறுப்புணர்வின் சின்னம். சிதார் நாணத்திற்குரியதாக இருந்து பெருமைக்குரியதாக மாறிய நெடும்பயணத்தின் அண்மைக் கட்டம் இது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கது. ஆயினும் எள்ளலைச் சுமந்தவருக்கும் பெருமையைச் சூடுபவருக்கும் இடையே உள்ள தொலைவைத் திறனாய்வாளர் மறத்தல் ஆகாது.

துண்டுத் துணியில் பை, மிதியடி, சுவர்த்தொங்கல், பாவை முதலியன செய்யும் மகளிர் குழுக்கள் இன்று பல ஊர்களில் இயங்குகின்றன. சந்தையில் அவற்றின் சீட்டில் 'பழைய துணியால் செய்தது' என்ற செய்தி இருக்கும். எவ்வூர்த் தறியின் எச்சம், எவர் தைத்தது என்பன பெரும்பாலும் இரா. வாங்குபவர் தம் சூழல் உணர்வுக்கு விலை கொடுக்கிறார். தையலுக்கு விலை கொடுத்ததாக எண்ணுவதில்லை. சங்கரன்கோவிலின் நூலெச்சம் நாளை கலையாகும் வாய்ப்பு உண்டு. அப்போது அது எடைக்கு விற்ற மூட்டையாக மட்டும் நினைக்கப்படுமா, நெய்தவரும் தைத்தவரும் அறியப்பட்ட பொருளாக இருக்குமா என்பது அழகியல் வினாவும் கூலி வினாவும் ஆகும்.

முடிவுரை

எச்சப்பொருட் கலையை வண்ணம், வடிவு, சூழற்பயன் ஆகியவற்றால் மட்டும் மதிப்பிடும் வழக்கம் போதுமானதன்று. இக்கட்டுரை முன்வைக்கும் அளவுகோல் எளியது: எச்சத்தின் முன்வரலாறு பொருளில் புலப்படவேண்டும், அப்பொருள் கொடையாக இயங்கினால் செய்தவரின் விருப்பமும், விலையாக இயங்கினால் செய்தவரின் பெயரும் பங்கும் பேணப்படவேண்டும். இதன்படி, விலையை மறுத்து நிற்கும்வரை சுனாமிகா தமிழகத்து அண்மைக் கைவினைகளுள் உயர்ந்த இடத்திற்கு உரியது. வேற்றிழை நுழைந்த கந்தலை உற்றுநோக்கிய பொருநராற்றுப்படையின் பார்வையும், கிழியால் வினைசெய்தாரைப் பட்டியலில் நிறுத்திய சிலப்பதிகாரத்தின் பார்வையும் இன்றைய திறனாய்வுக்கு ஒருங்கே தேவைப்படுகின்றன. வீடுகளில் இன்னும் எஞ்சியுள்ள மெழுகிய சொளகுகளையும் ஒட்டுத்துணிப் போர்வைகளையும், அவற்றைச் செய்தவர் பெயரோடு ஆவணப்படுத்துவது இவ்வகை ஆய்வின் அடுத்த பணியாக அமைதல் வேண்டும். செய்தவர்கள் முதியோர் ஆதலின் அப்பணியைத் தள்ளிப்போட இயலாது.